பந்தியில் தொலைந்த பல் கம்பி

"கடி" என்பேன். மகள் கடிப்பாள். "உதட்டத் தூக்கு" என்பேன். தூக்குவாள். மேலே உள்ள முன்பற்கள் இரண்டும் இன்னும் கீழ்ப்பற்களுக்குப் பின்னால்தான் நிற்கின்றனவா, கொஞ்சமாவது நகர்ந்தனவா என்று குனிந்து பார்ப்பேன். சோற்றை வடித்துவிட்டு வந்து மறுபடியும் "கடி" என்பேன்.

"இப்பத்தானம்மா பாத்தீங்க! அதுக்குள்ள அது நடந்தா வரும்?" என்பாள்.

அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க வந்த நர்ஸ் மிஸிதான் முதலில் கவனித்து எங்களைக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். எனக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் மெதுவாகப் பேசினார். தாடை வளரும்போதே அந்த இரண்டு பற்களையும் முன்னால் தள்ளிவிட்டால் சுலபமாம். அப்படியே விட்டால் கீழ்த்தாடை முன்னால் வளர்ந்துவிடலாம், பெரியவளான பிறகு அறுவை செய்யக்கூட நேரலாம். அதற்கு அவர் சொன்ன, வெட்டுவது என்று பொருள்படும் 'போத்தோங்' என்ற சொல் என் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் மீன் வெட்டும்போதுகூட அந்தச் சொல் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். "பல்லு விழுந்து மொளைக்கிற வயசு லா. தானா சரியாயிடும். ஒனக்கும் இப்படித்தான இருக்கு, நான் கட்டிக்கலையா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தாலும் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். அலோர் காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, மேசையின் லாச்சியை, இழுப்பறையை, யாரோ இழுத்துவிட்டு மூடாமல் போனதுபோல என் கீழ்த்தாடை இருக்கிறது என்று, பையன்கள் "ஏய், லாச்சிய மூடு!" என்று கத்துவார்கள். அன்றைக்கு வாய்க்குப் போன கை இன்னும் இறங்கவில்லை. தஞ்சோங் கிளிங்கில் ஹோட்டல் துணி துவைக்கும் வேலையை நான் விரும்பிச் செய்வதற்கும் அதுதான் காரணம். மெஷின் சத்தத்தில் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

மகளுக்குச் செய்து தந்த கம்பி, அண்ணத்தில் ஒட்டி உட்காரும் இளஞ்சிவப்புத் தகடு. அதில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று பற்களைப் பின்னாலிருந்து தள்ளும். சாப்பிடும்போது கழற்றலாம், கழற்றினால் உடனே டப்பாவில் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டப்பா எப்போதும் என் கைப்பையில் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழாவுக்குப் போனோம். மதியம் அன்னதானம். நீள மேசைகளில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் இலை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் தனியாக ஒரு வரிசையில் உட்கார, நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். சாப்பிட்டு, கை கழுவி, வெளியே வந்தோம். என் வீட்டுக்காரர் காரை எடுக்கப் போனார். மகள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள்.

"கம்பி எங்கடி?"

அவள் கண் கலங்கியது. "கழட்டுறப்ப எல்லாரும் பாத்தாங்கம்மா. எலைக்கு அடியில வச்சேன்."

இலையை நன்றாக மடித்துவிட்டு எழுந்தாளாம். அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

நான் ஓடினேன். அந்த மேசையில் புதிய தாளும் புதிய இலையும் விரித்து, அடுத்த பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய இலைகளைத் தாளோடு சேர்த்துச் சுருட்டிக் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சமையல்கட்டுக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் அவற்றை லாரியில் ஏற்றப் போனார். அவரைக் கூப்பிட வேண்டும். கை தானாக வாய்க்குப் போனது. கிட்டே போய் மறுகையால் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, என்ன தேடுறீங்க?"

"பல்லு" என்றேன்.

"பல்லா? தாத்தா செட்ட கழட்டி வச்சிட்டாரா?"

பானை தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எம் மக பல்லுண்ணே. எட்டு வயசு."

"எட்டு வயசுல பல்லு செட்டா? மிட்டாய கொறைங்கமா!"

பின்னால் லாரியின் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது? வாயிலிருந்து கையை எடுத்தேன். பல்லைக் கடித்து, உதட்டைத் தூக்கிக் காட்டினேன். "இங்க பாருங்க. எனக்கு இப்படி ஆயிடுச்சு. அவளுக்கு ஆகக்கூடாதுன்னு டாக்டர் கம்பி போட்டிருக்காங்க. அது இந்தப் பையில போயிடுச்சு. லாரிய நிறுத்தச் சொல்லுங்க!"

நான் கத்தியது அடுத்த பந்திவரை கேட்டிருக்கும்.

அவர் என் பல்லைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "டேய், இன்ஜின ஆஃப் பண்ணு!" என்றார்.

பைகளை அவிழ்த்துக் கொட்டினோம். பானை தேய்த்த பெண்களும் வந்து குந்தினார்கள். "பாப்பா, ஒன் எல எதுன்னு அடையாளம் இருக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பாகற்காய் சாப்புடல ஆண்ட்டி."

"அது சரி. எந்தப் பிள்ள சாப்புட்டுச்சு?"

பாகற்காய் மிஞ்சிய இலைகளாகவே வந்துகொண்டிருந்தன. சாம்பாரும் பாயசமும் முழங்கைவரை வழிந்தன. கொஞ்ச நேரம் கழித்து அதே பெண், "எலைக்குள்ள பாக்காதீங்க, அடியிலதான வச்சிச்சு? தாள விரிங்க" என்றாள். ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரித்துக்கொண்டே போனோம். ஒன்றில், ரசம் ஊறிய மூலையில், இளஞ்சிவப்பாக அது தெரிந்தது.

தகடு உடையவில்லை. சுருள்கம்பி வளைந்திருந்தது. மகள் அதைக் குழாயில் கழுவி வாயில் வைக்கப் போனாள், நான் தடுத்தேன். வளைந்த கம்பி பல்லை எந்தப் பக்கம் தள்ளுமோ?

மறுநாள் கிளினிக் திறக்கும்வரை, கம்பி இல்லாத நேரத்தில் பல் பின்னால் போய்விடுமோ என்று "கடி, கடி" என்று அவளை வாட்டினேன். டாக்டர் குறட்டால் கம்பியை நிமிர்த்தி, மாட்டிப் பார்த்து, என்னையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். தினமும் பார்த்தும் என் கண்ணுக்குப் பிடிபடாத அளவுக்கு, ஒரு பல் கீழ்ப்பல்லைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. அது இனிப் பின்னால் போகாது, கீழ்ப்பல்லே அதைத் தாங்கிக்கொள்ளும் என்றார். மற்றது கீழ்ப்பல்லோடு முனைக்கு முனை நின்றது. அதற்கு இன்னும் கொஞ்சநாள் கம்பி வேண்டும்.

பஸ் ஸ்டாப்பில் என்னால் பொறுக்க முடியவில்லை. "கடி" என்றேன்.

"மொதல்ல நீங்க கடிங்க."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். கடித்தேன். அவள் என் முகத்தருகே வந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று முன்னால், ஒன்று விளிம்பில்.

"பசிக்குதும்மா" என்றாள்.

பையில் டப்பா இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.