மதாரின் இரண்டாவது கேள்வி

பாபநாசத்தில் ஏறிய ஆள் பையை மடியில் வைப்பதற்குள் மதார் ஆரம்பித்துவிடுவார். "சார் என்ன படிச்சிருக்கிய?"

விக்கிரமசிங்கபுரத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இந்த விசாரணை எதற்கு என்று சிலர் முறைப்பார்கள். மதார் அசரமாட்டார். பதில் வந்ததும் அடுத்தது வரும்: "மறுபடி படிக்கச் சொன்னா அதையேதான் படிப்பியளா?" முதல் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் இதற்கு வயலைப் பார்ப்பார்கள். ஒரு என்ஜினியர், "ரோட்டப் பாத்து ஓட்டும்வே" என்றார்.

எல்லாம் மகள் இஷ்ரத்தால் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தாள். துபாயிலிருக்கும் தாய்மாமன் பி.காம். என்றார், மனைவி ஹமீது பீவி டீச்சர் வேலைதான் தோது என்றாள். இஷ்ரத்தைக் கேட்டால், "தெரியல வாப்பா" என்பாள். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்க நெருங்க, அந்தத் 'தெரியல'வுக்கு மதார் படித்தவர்களிடம் பதில் தேட ஆரம்பித்தார். எட்டாவதோடு நின்றவர் அவர். அவருக்குக் கிடைத்த படித்தவர்கள் எல்லோரும் பின்சீட்டில்தான் இருந்தார்கள்.

ஒரு மழைநாளில், சுடிதாரெல்லாம் சேறும் தொழுவ வாடையுமாக ஒரு பெண் ஏறினாள். பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைப் பொத்தி ஒதுங்கினார்கள். மாட்டு டாக்டராம். மதார் இரண்டாவது கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"அதையேதான் அண்ணாச்சி. வயித்துல மாட்டிக்கிட்ட கன்னுக்குட்டிய இப்பதான் உசிரோட இழுத்துப் போட்டுட்டு வாரேன்."

வீட்டில் இதைச் சொன்னதும் இஷ்ரத்தின் கை சோற்றிலேயே நின்றது. "அதப் பொம்பளப் பிள்ளைக படிக்கலாமா வாப்பா?"

போன பெருநாளுக்கு வாங்கிய ஆடு வயிறு உப்பிக் கிடந்தபோது, பள்ளிக்கூடம்கூடப் போகாமல் அதன் வயிற்றை நீவிக்கொண்டிருந்தவள் அவள்தான். "அறுக்கப்போற ஆட்டுக்கு என்ன சீராட்டு" என்று ஹமீது பீவி வைதாள். அதற்கென்று ஒரு படிப்பு இருப்பது யாருக்கும் தோன்றவில்லை, இஷ்ரத் உட்பட.

இப்போது அவள் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். மதார் கேள்வியை நிறுத்தவில்லை. "இன்னும் எத்தன வீட்டுல பிள்ளைக என்ன படிக்கன்னு முழிச்சிக்கிட்டு இருக்கோ" என்பார். ஒரே ஒரு குறைதான் அவருக்கு. "அன்னைக்குப் பேரக் கேக்காம விட்டுட்டேன். துஆவுல 'அந்த மாட்டு டாக்டரம்மா'ன்னுதான் சொல்லுதேன். அல்லாவுக்குத் தெரியாதா?"

இன்றும் ஆட்டோவில் எப்போதாவது தொழுவ வாடை வீசும். ஏறியவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மதார் வண்டியைப் பைய ஓரங்கட்டி, திரும்பி, பின்சீட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்.