பொன்னேரியில் இறங்கிய அக்காவின் கணிப்பு

இன்று மதியம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். லேப்டாப் திரையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சினைப்பைப் புற்றுநோய்த் திசு ஒன்று மிதந்தது. ஜன்னல் வெயிலில் நானும் கொஞ்சம் மிதந்தேன்.

பக்கத்தில் கம்பெனி சீருடையில் ஓர் அக்கா. "இன்னாம்மா அது, பூ போட்ட துணியா?"

"புற்றுநோய்க் கட்டிக்கா. இதுக்கு கீமோ கேக்குமா கேக்காதான்னு முன்னாடியே சொல்லத்தான் பிஎச்டி பண்றேன். நன்கொடையில ஓடுது."

"எங்க கம்பெனிலகூட உண்டியல் வரும், நானும் போட்ருக்கேன். அப்ப நானும் பாக்கலாம்." நெருங்கி உட்கார்ந்தார். இரும்புத் துண்டுகளில் விரிசல் விடப்போவதைப் பார்த்தே பொறுக்குவதுதான் அவர் வேலையாம்.

"எங்க அக்காவுக்கு ஆறு தபா மருந்து ஏத்துனாங்க. அப்பாலதான் கேக்கலன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவ முடியாவது மிஞ்சியிருக்கும்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

பொன்னேரியில் எழுந்தவர் திரையைத் தொட்டார். "இது தேறாதும்மா."

நான் 'மருந்து கேட்கும்' என்று எழுதிவைத்த திசு அது. கணிப்பைக் கொடுத்த பிறகுதான் அந்தத் திசுவுக்குரிய பெண்ணுக்கு உண்மையில் என்ன ஆனதென்று ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காட்டுவார்கள். நாளை காட்டுகிறார்கள்.

அக்கா தோற்க வேண்டும் என்று சென்ட்ரல் வரை வேண்டிக்கொண்டே வந்தேன். அவரும் அதையேதான் வேண்டியிருப்பார்.

நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். நான் வேண்டிக்கொண்டதை என் பிஎச்டி கைடுக்கு மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.