மூடாப்பு கலையாத தை

இன்று காலை ஸ்கூட்டரை எடுக்கப் போனால் இருக்கை முழுதும் சர்க்கரைப் பாகு பூசியதுபோலப் பிசுபிசுப்பு. அண்ணாந்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமரம் பூத்திருக்கிறது. அதற்கு மேலே நான்கு நாளாகக் கலையாத மேக மூடாப்பு. தத்துப்பூச்சிக்கு இதுதான் பருவம். பூவின் சாற்றைக் குடித்துவிட்டு அது கழிக்கிற இனிப்பு இப்படித்தான் சொட்டும். கொச்சியின் இந்த மட்டாஞ்சேரியில் பாதிப்பேர் பனியென்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போவார்கள். நான் விரலில் தொட்டு முகர்ந்துகொண்டு நின்றேன்.

பிழைக்க வந்த புதிதில் இங்கே ஒரு பூச்சிமருந்துக் கடையில் எனக்கு வேலை. தென்காசிக்காரனுக்கு மலையாளம் நாக்கில் புரளாத காலம். கடைக்கு மேலேயே அறை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை உரக்கப் படிப்பேன்.

என்னோடு தமிழில் பேசிய ஒரே வாடிக்கையாளர் ஜமால் அண்ணன், இங்கத்து வழக்கில் ஜமால் இக்கா. இடக்கொச்சியில் தையல்காரர். மனைவி இறந்துவிட்டார், மகன் வளைகுடாவில். போகுமுன் மகன் வாசலில் நட்ட மாமரம்தான் வீட்டில் துணை. தை பிறந்தால் சாப்பாட்டு டப்பாவில் பூச்சி பிடித்த ஒரு மாம்பூங்கொத்தோடு வந்துவிடுவார். வெயில் உறைத்தால் பூச்சி குறையும், இரண்டு நாள் பொறுங்கள் என்பேன். பெரும்பாலும் குறையும். மருந்து விற்கிறவன் சொல்கிற பேச்சா இது? ஆனால் பொறுத்தால் அவர் மறுபடியும் வருவாரே.

ஒரு வருஷம் வந்தவர் உட்காரக்கூட இல்லை. "மோன் ஆறு வருஷம் கழிச்சு லீவுல வர்றான் தம்பி. அவன் நட்ட மரத்துப் பழத்தை அவன் இன்னும் தின்னதில்ல. மருந்து அடிக்கட்டா?"

வழக்கம்போல இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். இரண்டு எட்டானது. வெயில் வரவேயில்லை. பூவெல்லாம் கரி பிடித்து உதிர்ந்தது.

சித்திரையில் மகன் வந்தபோது மரத்தில் ஒரு காய் இல்லை. இக்கா என்னைக் குறை சொல்லவில்லை. வீட்டை விற்றுவிட்டு மகனோடு புறப்படுவதற்கு முந்தின நாள் சொல்லிக்கொள்ள வந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கே மருந்து குடுத்திருக்கணும் இக்கா. நீங்க திரும்பி வருவீங்கன்னுதான் குடுக்கல."

"நானும் ஒரு பேச்சுத்துணைக்குத்தானே தம்பி வந்தேன்" என்றார்.

பல வருஷம் கழித்து ஒருமுறை இக்காவின் வீடு இருந்த இடத்தைப் பார்க்க இடக்கொச்சிக்குப் போனேன். மரம் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் வரிசையாக நின்றன. யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.