எட்டுப் பாட்டுக்கும் அடியில் ஒரு கம்பி

புதுப் பாட்டைக் கேட்டு மார்க் போடுகிறவர்களுக்கு, அதைப் பாடினவர்களைவிடப் பயம் ஜாஸ்தி. இது அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

நான் எட்டாவது வரை படித்தவள். திருவண்ணாமலையில் கேசட் பதிவு செய்து விற்கும் கடையொன்றின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். பதிவான ஒவ்வொரு கேசட்டையும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் கேட்டு, இரைச்சல் இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாத வேலை, எனக்கு ஒத்துப்போனது. இப்போது அறுபத்தாறு வயது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பவித்ரா, பேங்க் வேலை போக மீதி நேரத்தில் இணையத்தில் ஒரு சின்ன இசைப் பத்திரிகை நடத்துகிறாள். பரிசோதனை இசை, சினிமாவுக்கு வெளியே தாங்களாகவே பாடி வெளியிடும் இண்டி பாப், ஷூகேஸ், இவற்றுக்குத்தான் அதில் இடம். ஷூகேஸ் வாசிப்பவர்கள் தலையைக் குனிந்து, காலடியில் இருக்கும் கிடார் பெடல்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். கிடார் அடைமழையாகக் கொட்டும், அதற்குள் எங்கேயோ ஒரு குரல் நனைந்துகொண்டிருக்கும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காதவர்களின் இசை என்று பவித்ரா சொன்னதுமே எனக்குப் பிடித்துவிட்டது.

நாலு வருஷமாக எழுதுகிறேன். ஒவ்வொரு தொகுப்பையும் மூன்று தடவை கேட்பேன். எந்த இடத்தில் என்ன வருகிறது என்று நிமிஷம், வினாடி போட்டு நோட்டில் குறிப்பேன். இதுவரை இருநூற்றுப் பதினெட்டுத் தொகுப்புகள். புத்தகத்துக்கோ படத்துக்கோ விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் ஒன்றிரண்டு நேர்ந்திருக்கும்.

பழுது

பவித்ரா அனுப்பிய முதல் தொகுப்பைக் கடையில் வேலை பார்த்த காலத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். இரண்டாவது நிமிஷத்தில் இரைச்சல் ஆரம்பித்தது, நிற்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். மூன்று முறையும் அதே இரைச்சல். நேரில் சொல்லப் பயமாக இருந்தது. அந்தப் பெண் ஆசையாகக் கொடுத்திருக்கிறாள். அதனால் கடையில் எழுதுவதுபோல ஒரு சீட்டில் "இரைச்சல். ஒதுக்கப்பட்டது" என்று எழுதி, மாடிக்குப் போய் அவள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டேன். பத்து நிமிஷத்தில் சீட்டோடு கீழே வந்தாள்.

"அம்மா, அந்த இரைச்சலுக்குத்தாம்மா அவங்க ஒரு வருஷம் உழைச்சிருக்காங்க."

முப்பத்தொரு காரணம்

ஆரணியிலிருந்து அக்கா தங்கை இருவர் ஐந்து இண்டி பாப் பாட்டுகள் வெளியிட்டார்கள். பத்துக்கு நாலு போட்டேன். குறைத்துப் போட்டால் ஏன் என்று சொல்ல வேண்டுமில்லையா? முப்பத்தொரு காரணம், ஒவ்வொன்றுக்கும் நிமிஷம், வினாடி. அது வெளிவந்த மறுநாள் அந்தப் பெண்களின் அம்மா பவித்ராவுக்குப் போன் செய்தார். நான் நழுவுவதற்குள் பவித்ரா போனை என் கையில் வைத்துவிட்டாள். திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தம்மா குரலை உயர்த்தவே இல்லை.

"மார்க் கம்மியா போட்டீங்க, சரிங்க. அதுக்கு எதுக்குங்க காரணம் இவ்ளோ ஜாஸ்தி?"

பன்னிரண்டாவது மணி

செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வேலூர்க்காரர் ஒருவர், ஒரு காலை நேரம் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரமாக நின்று நாற்பது நிமிஷம் ஒலிப்பதிவு செய்து, அதையே ஒரு தொகுப்பாக வெளியிட்டார். பாட்டு கிடையாது. செருப்புச் சத்தம், ஆடு, பால் கேன், சைக்கிள் மணி. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "பதினோரு சைக்கிள் மணி, பதினொன்றும் சரியான இடத்தில்" என்று எழுதி ஏழு மார்க் போட்டேன்.

அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பின்கட்டுக்கு ஓடி, இல்லை என்று சொல்லிவிடும்படி என் வீட்டுக்காரரைக் கெஞ்சினேன். நாங்கள் ஜைனர். அவர் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவர். உள்ளேதான் இருக்கிறாள், வர மாட்டாள் என்று உள்ளதை அப்படியே சொன்னார். வந்தவர் கோபிக்கவில்லை. எனக்குக் கேட்கட்டும் என்று வாசலிலிருந்தே உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"மணி பன்னெண்டுங்க. கடைசி மணி ரொம்ப தூரத்துல கேக்கும். அதுக்காகத்தான் நான் இன்னும் ஒரு நிமிஷம் நின்னேன்."

கம்பி

அன்று நாலு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது மணி எனக்குக் கிடைக்கவில்லை. பதிவில் கலந்து போயிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் என் எண்ணிக்கை தப்பியதில்லை.

அடுத்து வந்தது சேலத்துக்காரர் மூவர் சேர்ந்த ஷூகேஸ் குழு. எட்டுப் பாட்டு. முதல் தடவையிலேயே உடம்பு சிலிர்த்தது. கிடார் கொட்டுகிறது, குரல் அமுங்குகிறது, எல்லாவற்றுக்கும் அடியில் எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டியதுபோல ஒரே ஒரு மெல்லிய ஓசை அறாமல் ஓடுகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலுள்ள அமைதியில் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. "இந்தக் கம்பிதான் தொகுப்பின் உயிர்" என்று எழுதி எட்டு மார்க் போட்டேன். என்னிடம் எட்டு வாங்கியவர்கள் அதுவரை ஆறே பேர்.

இரண்டு நாளில் அவர்களிடமிருந்து மெயில். பவித்ரா மாடிப்படியில் நின்று படித்துக் காட்டினாள்.

"ரொம்ப நன்றிம்மா. நாங்க மூணு பேரும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தோம், அந்தக் கம்பி கிடைக்கல. எந்தப் பாட்டு, எத்தனாவது நிமிஷம்னு சொன்னீங்கன்னா நாங்களும் கேப்போம்."

கரண்ட் போன மதியம்

நோட்டைப் பிரித்தேன். எல்லாவற்றுக்கும் நிமிஷம், வினாடி இருந்தது. கம்பிக்கு மட்டும் இல்லை. எங்கும் இருந்ததால் எங்கே என்று குறிக்கவில்லை. ஹெட்போனில் பழுது என்று நினைத்தேன். அதைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது. ஃப்ரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. எதிரே புதுவீடு கட்டுமிடத்தில் கல் அறுக்கும் மிஷினும் நின்றது. வேங்கிக்காலில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

கம்பி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு காதையும் பொத்தினேன். இன்னும் ஜாஸ்தியாகக் கேட்டது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். "அடியில் ஓடும் இழை", "மெல்லிய ரீங்காரம்", "கம்பி". ஏழு தொகுப்புகளை நான் இதற்காகவே புகழ்ந்திருந்தேன். ஏழு குழுக்களுக்கும் சம்பந்தமில்லாத ஓசை. நாலு பேரோடு சேர்ந்தாற்போல் பேச வராத எனக்கு, ஊரோடு பேச இருந்த ஒரே வழி இந்த நோட்டு. அது போய்விட்டால் எனக்கு வேறு வாய் இல்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன். ரொம்ப நேரம் காது கொடுத்து நின்றார்.

"ஒண்ணும் கேக்கலையே. இன்னிக்குத்தான் தெரு நிம்மதியா இருக்குது."

பொத்தான்

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவளுக்குப் பரீட்சை என்றாலே நடுக்கம். இதில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று மனசு அடித்துக்கொண்டது.

முதல் சில சத்தங்கள் நன்றாகக் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலு எண்ணும் இடைவெளி. பிறகு சத்தம் மெலிந்து மெலிந்து மறைந்தது. எனக்கு எண்ணிக்கை மறக்கவில்லை. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி, நாலுக்கு ஒருதரம் அமுக்கிக்கொண்டே இருந்தேன். நன்றாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, நான் சத்தத்த நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு. எதுக்கும்மா அமுக்குறீங்க?"

ஆறரை

இரண்டு காதிலுமே கூர்மையான ஓசைகள் போய்விட்டன, இடது காதில் ஜாஸ்தி. சைக்கிள் மணி போனது அப்படித்தான். கம்பி இடது காதே எழுப்பும் ஓசை, போகாது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஹெட்போன் கூடாது, சத்தமும் குறைவாக வைக்க வேண்டும்.

யாரும் கவனிக்க மாட்டார்கள், விட்டுவிடலாம் என்றாள் பவித்ரா. எனக்கு மனசு கேட்கவில்லை. கடையில் பழுதான கேசட் தப்பித்தவறி வெளியே போய்விட்டால் ஆள் அனுப்பித் திரும்ப வாங்குவோம். ஆகவே எழுதினேன்: "என் பழைய விமர்சனங்கள் ஏழில் நான் புகழ்ந்த மெல்லிய ஓசை என் இடது காதில் இருப்பது. அந்தக் குழுக்களுக்கு அதில் பங்கில்லை. மார்க்கைக் குறைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது மணிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." சேலத்துக்காரர்களுக்கு எட்டு ஆறரை ஆனது. இனி எழுதுவதாக இல்லை என்று பவித்ராவிடம் சொல்லி, நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பதினோரு நாள் அவள் போன் அடிக்கும்போதெல்லாம் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். பன்னிரண்டாம் நாள் சேலத்துக்காரர்கள் எழுதினார்கள்.

"ஆறரை ஓகேம்மா. ஆனா அந்தக் கம்பி நல்ல யோசனை. அது என்ன சுருதின்னு மட்டும் சொல்லுங்க."

ஒன்பதில் ஒன்று

பவித்ரா போனில் ஓர் ஓசையை வைத்து அதன் சுருதியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனாள். என் கம்பியும் அதுவும் ஒன்றான இடத்தில் நான் கையைத் தூக்க, அவள் குறித்து அனுப்பினாள். அதோடு மறந்துவிட்டேன். போன மாதம் அவர்களுடைய புதுத் தொகுப்பு வந்தது. ஒன்பது பாட்டு. கம்பியை ஒரே ஒரு பாட்டில் வைத்திருக்கிறோம், எதில் என்று சொல்ல மாட்டோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று ஒரு குறிப்பு.

நோட்டை வெளியே எடுத்தேன். டாக்டர் சொன்ன கணக்குப்படி மூன்று நாளில் மூன்று தடவை கேட்டேன். ஒன்பது பாட்டிலும் கம்பி ஓடியது. எது அவர்களுடையது, எது என்னுடையது என்று பிரிக்கவே முடியவில்லை. ஊகித்து எழுதலாம். ஒன்பதில் ஒன்று பலிக்கும். கண்ணாடி அறையும் பொத்தானும் நினைவுக்கு வந்தன. வெட்கத்தை விட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

நாற்பது வருஷத்தில் அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே என்ற கவலை வேறு. இருந்தாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து பாட்டு போயிற்று. அசையவில்லை. ஆறாவது பாட்டில் முகத்தைச் சுளித்தார். விரலைத் தூக்கினார். நான் நேரத்தைக் குறித்தேன்: ஒரு நிமிஷம் பதினான்கு வினாடி. மீதி மூன்று பாட்டையும் கேட்டுவிட்டு, அவற்றில் இல்லை என்று கையசைத்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆறாவதுலதான் இருக்குது. ஏம்மா, இதுக்கா எட்டு மார்க் போட்ட?"

இருநூற்றுப் பதினெட்டாவது தொகுப்புக்கு ஏழு போட்டு, கம்பியைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர் என்று கீழே எழுதியும்விட்டேன். காதை இரண்டு பேராகப் பங்கு போட்டுக்கொள்ள முடிகிறது, பயத்தைத்தான் யாரும் பங்குக்குக் கேட்பதில்லை.