புதுக் கல்லும் என் நைலக்ஸ் புடவையும்

கோவளத்தில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. சமீபத்தில் தேய்ந்த அரைவைக் கற்கள் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதுக் கற்கள் மாட்டினோம். அன்றிலிருந்து காலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுமே தவிர, மில் உடனே சுற்றாது. "பம்புசெட்டு ஓடுற நேரம், கரண்டு கம்மி" என்று என் கணவர் பெல்ட்டைக் கையால் இழுத்துவிடுவார்.

ஒருநாள் அவர் செங்கல்பட்டுக்குப் போயிருந்தபோது நானே இழுத்தேன். சட்டென்று வேகம் பிடித்த பெல்ட், என் முந்தானையையும் இழுத்துக்கொண்டது. அரிசி அரைக்க வந்திருந்த மேரி அக்கா பாய்ந்து சுவிட்சை அணைத்தார். நைலக்ஸ் புடவை கிழிந்ததோடு போயிற்று. அல்லாஹ் காப்பாற்றினான்.

துணியை எடுத்துவிட்டு அக்கா மில்லின் பெல்ட் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார். "இன்னா நூரு, கையால தள்னாலே அசைய மாட்டேங்குது! கரண்டு மேல பழி போட்டுகினு கீறீங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கல்லுக்கும் நடுவே கரப்பான் புகாமலிருக்க, தினமும் மில்லை மூடும்போது கற்களை நெருக்குகிற திருகு ஒன்றை முழுக்க இறுக்கிவிடுவோம். பழைய கல்லில் அப்படியும் இடைவெளி இருக்கும். புதுக் கற்களோ ஒன்றோடொன்று அழுந்திப் பிடித்துக்கொண்டன. திருகைத் தளர்த்தினேன், ஒரு விரலுக்கே சக்கரம் சுற்றியது.

இப்போது மில் ஓடத் தொடங்கிய பிறகுதான் கல்லை இறுக்குகிறோம். பெல்ட்டை யாரும் தொடுவதில்லை. கிழிந்த முந்தானைத் துண்டைத் திருகின் கைப்பிடியில் கட்டியிருக்கிறேன். மில்லை மூடும்போது பழக்கத்தில் அங்கே போகிற என் கணவரின் கை, அதைத் தொட்டதும் நின்றுவிடுகிறது.