ஏசிக்கு நேர்கீழே இருந்த எலிகள்

எலியம்மா என்று பெயர் வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக எலிக்கூண்டு கழுவுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் வேலையில் ஒரு பிழையும் வந்ததில்லை என்பதில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா மட்டும் அவளை அக்கா என்பாள். அதில் எலியம்மா உருகிப்போனாள், பைத்தியக்காரி. நரம்பில் குட்டிக் கதவுகள் இருக்கின்றன, குளிர் பட்டால் அவை திறக்கும், உடம்பு கொழுப்பை எரித்துச் சூடு பண்ணும், இதயம் வேகமாக அடிக்கும் என்று டீ குடித்துக்கொண்டே விளக்கியதும் டாக்டரம்மாதான். அந்தக் கதவைத் திறக்கும் மருந்தை ஓர் அடுக்குக் கூண்டுகளில் இருந்த எலிகளுக்குக் கொடுத்தாள். அவற்றில் பெரும்பாலானவை துரும்பாக இளைத்தன. டைரக்டர் தொடங்கிக் கூடமே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

கூண்டு மாற்றும்போது எலியம்மாவுக்கு ஏதோ உறுத்தியது. இளைத்த எலிகள் பஞ்சைக் குவித்துக் கூடு கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. அதே அடுக்கில் அதே மருந்தைத் தின்ற ஓரக் கூண்டு எலிகளோ கொழுகொழுவென்று கால் நீட்டித் தூங்கின. கையை மேலே நீட்டிப் பார்த்தாள். புது ஏசியின் காற்று ஓரக் கூண்டுகளை விட்டு மற்றவற்றின்மேல் நேராக அடித்தது.

"டாக்டரம்மா, எலியை இளைக்க வச்சது மருந்தில்ல. ஏசி."

டாக்டரம்மாவின் முகம் வெளிறியது. பிறகு எலியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை சொன்னீங்கக்கா. முதல்லேர்ந்து செஞ்சு பாத்துடுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

எலியம்மா மூச்சு விடவில்லை. நான்கு மாதத்தில் பழைய கணக்கோடேயே டாக்டரம்மாவின் கட்டுரை வெளிவந்தது. வேறொரு கூடத்தில் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு எலிகூட இளைக்கவில்லை. விசாரணை வந்தது.

மறுநாள் மதியம் டாக்டரம்மா கூண்டு கழுவும் அறைக்கே வந்து ஒரு தாளை நீட்டினாள். அடுக்கை யாரிடமும் கேட்காமல் ஏசிக்குக் கீழே நகர்த்தியது எலியம்மா, அதை மறைத்ததும் அவளே என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

"உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும்க்கா. எனக்குன்னா பொழப்பே போயிடும்."

எலியம்மா தாளைத் தள்ளிவிட்டாள். "அடிப்பாவி! உன்னை நம்பித்தானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்? இந்தக் கையால ஒரு தப்பு நடந்ததா எவனாவது சொல்லியிருக்கானா?" ஈரக் கையுறையைக் கழற்றி எறிந்தாள். "நான் நேரா டைரக்டர்கிட்டயே போறேன்."

டாக்டரம்மா வழியைவிட்டு விலகி நின்றாள்.

"போங்கக்கா. இதை எழுதிக் குடுத்ததே அவர்தான்."