மொக்கைச்சாமி ஊரோடு சேர்ந்த விதம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வெங்கடேஸ்வரி அரசியல் சிந்தனைப் பாடம் எடுக்கிறாள். இடைக்கால ஐரோப்பாவில் மதத்துக்கு மாறாகப் பேசியவர்களை எரித்த கதை வந்தால் வகுப்பில் ஒருவரும் தூங்குவதில்லை. "பாதிரியார்களா மேடம் எரிச்சாங்க?" என்று யாராவது கேட்பார்கள். "அவங்க தீர்ப்பு மட்டும்தான் சொல்லுவாங்க. எரிக்கிறதுக்கு அரசாங்கத்துகிட்ட ஒப்படைச்சிருவாங்க" என்பாள். ஒருவன் நினைப்பைத் தண்டிக்க ஆட்சிக்கு என்ன உரிமை என்ற சண்டை அதிலிருந்துதான் சூடு பிடித்தது என்பாள். மிரட்டினால் வாய் மாறும், மனம் மாறாது என்று முடிப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவள் அப்பா மொக்கைச்சாமிக்குக் கூமாப்பட்டியில் நெல் வயல். வாய் கொஞ்சம் நீளம். கோயில் கொடைத் திருவிழாவுக்காகக் கூடிய ஊர்க்கூட்டத்தில், பிளவக்கல் அணை நிறைந்தது தன் வாக்கால்தான் என்று சாமியாடி சொல்ல, "மலையில மழை பெஞ்சா அணை நெறையத்தானய்யா செய்யும், இதுல சாமிக்கு என்ன சோலி?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், ஊரார் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். பேச ஆளில்லை, வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் இல்லை. கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் வாடியது. எல்லார் காலிலும் விழுந்து, சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டால் தண்ணீர் உண்டு என்றது ஊர். "செத்தாலும் விழ மாட்டேன்" என்றார்.

வெங்கடேஸ்வரி காவல் நிலையத்துக்கு ஓடினாள். எஸ்.ஐ. சிவபாண்டி அவளிடம் படித்தவன். அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன். நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னான்.

"கேஸ் போட்டா ஊரே ரெண்டாயிரும் மேடம். விஷயம் காதுக்கு வந்ததும் காலையிலயே ஜீப்புல கூட்டிட்டுப்போயி அய்யாவை ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒப்படைச்சிட்டேன். மேல கை வைக்கக் கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லியிருக்கேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரிக்கக் கொடுக்கும்போது திருச்சபையும் இப்படித்தான், ரத்தம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டிக்கொள்ளும். அதை இவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அங்கே திருச்சபை அரசாங்கத்திடம் பிடித்துக் கொடுத்தது. இங்கே அரசாங்கமே ஜீப் வைத்துக் கொண்டுபோய் விடுகிறது. படித்த பயல்! டீயைத் தொடாமல் எழுந்தாள்.

வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் மண்.

"அடிச்சாங்களாப்பா?"

"ஒருத்தரும் தொடலம்மா. சாமி வாக்குலதான் அணை நெறஞ்சுச்சு. நாந்தான் புத்திகெட்டுப் பேசிட்டேன்."

"எங்கிட்டயுமாப்பா இப்படிச் சொல்லுதீக?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இன்னும் சத்தமாக அதையே மறுபடி சொன்னார். அந்த வெளியில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை.